ஃபீல்டு பெயரை மாற்றிய திங்கட்கிழமை

எண்பதுகளின் கடைசியில், செஞ்சியில் ஒரு அறக்கட்டளை நடத்திய காசநோய் மருந்தகத்தில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். கார்டு நம்பரைத் தட்டினால் நோயாளியின் பெயர், ஊர், மாத்திரை விவரம் எல்லாம் உடனே திரையில் வரும். அதைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுப்போம்.

ஒரு திங்கட்கிழமை காலை, கவுன்ட்டர் திறக்கும் நேரத்தில் மேலாளர் வந்தார். ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்களாம். ஃபீல்டு பெயர்கள், அதாவது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு விவரத்துக்கும் வைத்திருந்த தலைப்புகள், எல்லாம் தலைமை அலுவலகப் படிவத்தில் உள்ளபடி மாற வேண்டுமாம்.

"சார், இதுல பேரை மட்டும் மாத்த முடியாது. புது டேபிள் போட்டு, டேட்டாவ காப்பி பண்ணி, பழச அழிக்கணும். அதோட இன்டெக்ஸும் போயிடும். ஞாயித்துக்கெழம பண்றேன்."

"பேரத்தானம்மா மாத்தச் சொன்னேன்? ஊரையா மாத்தச் சொன்னேன்? இப்பவே பண்ணு. இன்டெக்ஸெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

செய்தேன். நம்பரை நேராக எடுத்துக் காட்டும் இன்டெக்ஸ் இல்லாததால் ஒவ்வொரு நம்பருக்கும் மெஷின் முதல் ரெக்கார்டிலிருந்து தேடிக்கொண்டு போனது. ஒரு கார்டுக்கு நான்கு நிமிடம். வரிசை வாசலைத் தாண்டியது. மேலாளர் வெளியே வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தப் பொண்ணுக்கு டைப்பிங்கு ஸ்லோ, இன்னா பண்றது?" என்றார்.

நான் அடுத்த கார்டு நம்பரைத் தட்டினேன்.

வரிசையில் இருந்த வல்லம் கன்னியப்பன் இருமிக்கொண்டே, "பஸ்ஸு பூடும்மா. மல்லாட்ட புடுங்குற வேலைய வுட்டுட்டு வந்துகீறேன்" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனார். நான்கு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டவர். நடுவில் விட்டால் மருந்தே கேட்காமல் போய்விடும்.

கவுன்ட்டரை மூடினேன்.

"யாரக் கேட்டு நிறுத்தின?"

"யாரையும் கேக்கல சார். இன்டெக்ஸ் போடாம தொறக்க மாட்டேன்."

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. மிச்ச வரிசை மளமளவென்று நகர்ந்தது. மறுநாள் காலை, டாக்டரிடம் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸில் மாத்திரையோடு வல்லம் போனேன். கன்னியப்பன் நிலக்கடலை வயலிலேயே வாங்கி விழுங்கினார். இரண்டு மாதத்தில் குணமாகி எடையும் கூடினார். மேலாளர் எனக்கு மெமோ கொடுத்தார்.

ஃபீல்டின் பெயர் மாறுவதால் தேடல் மெதுவாகாது. பழைய டேபிளோடு போன இன்டெக்ஸைத் திரும்பப் போடாததால்தான் மெதுவானது. இது மேலாளருக்குத் தெரியாது; எனக்குத் தெரியும். தெரிந்தும் தட்டினேனே என்ற ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இளையவர்களுக்குச் சொல்கிறேன்: அப்படி ஒரு உத்தரவு வந்தால், விவரம் தெரிந்தவர் முதலில் கீபோர்டிலிருந்து கையை எடுக்க வேண்டும்.