குசினி மேசையில் பிஸ்டல்

சூசைதாசன் சனிக்கிழமைகளில் மீன் பிடிக்கப் போவதாகத்தான் புலம்பெயர்ந்து வந்து மெரிலேண்ட்ஸில் இருந்த தமிழாக்கள் நம்பியிருந்தார்கள். மன்னார்க்காரன் மீனுக்குப் போவதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? உண்மையில் அவன் போனது குறிபார்த்துச் சுடப் பழகும் பிஸ்டல் கிளப்புக்கு. திரும்பி வரும்போது கடையில் மீன் வாங்கி, தெரிந்த வீடுகளுக்கும் பங்கு கொடுத்து, பாராட்டையும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்வான்.

லைசென்ஸ் எல்லாம் ஒழுங்கு. கராஜில் இரும்புப் பெட்டி, துப்பாக்கி ரவைகளுக்கு வேறு பூட்டு. "ஏன் உங்களுக்கு இந்தச் சனியன்?" என்று மனைவி அஞ்சலீனா கேட்டபோது அவன் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தான். சின்ன வயதில் துவக்கைக் கண்டாலே காற்சட்டை நனைந்தவன் அவன். இப்போது அதையே கழற்றித் துடைத்துப் பூட்டும்போது நெஞ்சு நிமிர்ந்தது. அதை எந்த வாயால் சொல்வது?

"கராஜோட வச்சுக்கொள்ளுங்கோ. வீட்டுக்குள்ள வரப்படாது" என்று அவள் முடித்துவிட்டாள்.

செபமாலை மாதத்தில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும்; சிலை வந்த வீட்டில் எல்லாரும் கூடிச் செபம் சொல்வார்கள். அன்று அவர்கள் முறை. சுரூபத்தை எடுத்துவர அஞ்சலீனா போயிருந்தாள். கராஜ் வெளிச்சத்தில் சின்ன ஸ்பிரிங்குகள் அவன் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஆட்கள் வர நேரம் இருக்கிறதே என்று வீட்டுக்குள், அடுப்புக்குப் பக்கத்துக் குசினி மேசையில் பழைய துவாயை விரித்து, பிஸ்டலைக் கழற்றினான். முன்கதவை மறக்காமல் பூட்டினான், கெட்டிக்காரன். செபத்துக்குக் கடலை அவித்துக்கொண்டு வருகிற பெண்கள் என்றைக்கு முன்கதவால் வந்திருக்கிறார்கள்?

குழலுக்குள் பிரஷை விட்டு இழுத்தான். கரியைத் துடைத்தான். அளவாக எண்ணெய் விட்டு, எல்லாவற்றையும் பூட்டி, சரியாக ஓடுகிறதா என்று மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விட்டான். அந்தச் சத்தத்தோடு பின்கதவும் திறந்தது.

வயதான யோகராணி அன்ரி, கடலைச் சட்டியோடு நின்றார். அவருடைய மகனை, ஆயுதத்தோடு வந்தவர்கள் மன்னாரில் வீட்டுக்குள் வைத்தே சுட்டுக் கொன்றது மெரிலேண்ட்ஸில் எல்லாருக்கும் தெரியும்.

அன்ரி கத்தவில்லை. சட்டியை மெதுவாக நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கினார்.

"ஐயா, அவன் வீட்டில இல்லை ஐயா."

சூசைதாசன் பதறிப்போய்ப் பிஸ்டலைத் துவாயால் மூடினான். "அன்ரி, நான் சூசை. இது சும்மா… விளையாட்டுக்கு."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. விளையாட்டாம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அன்ரியின் கைகள் இறங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இறங்கியதும் தான்தான் ஏதோ பிழை விட்டவர்போல முகத்தைத் துடைத்தார். "கடலை ஆறப்போகுது" என்றார். அவன் பிஸ்டலைக் கொண்டுபோய் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

சுரூபம் வந்தது, ஆட்கள் வந்தார்கள், செபம் நடந்தது. அன்ரி யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய அடியாக இருந்தது. கழுவியும் எண்ணெய் மணக்கும் விரல்களால் செபமாலை உருட்ட வெட்கப்பட்டு, சும்மா உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் எல்லாரும் "போட்டு வாறம்" என்று கிளம்பினார்கள். வாசலில் நின்ற சூசைதாசனிடம் வந்ததும் யோகராணி அன்ரியின் கால்கள் நின்றுவிட்டன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தம்பி, நான் போகலாமோ?"

பின்னால் அஞ்சலீனா சிரித்தாள். "என்ன அன்ரி, இவரிட்டக் கேட்டுக்கொண்டு?"

அன்ரி அசையவில்லை. துவக்கு வைத்திருப்பவன் போகச் சொல்லாவிட்டால் அவர் அங்கேயே நிற்பார் என்பது அவனுக்கு விளங்கியது.

"ஓம், போங்கோ" என்றான்.