அவள் கை, என் குரல்

ஓய்வுபெற்ற இயற்பியல் விரிவுரையாளர் ஒருவரிடம் ஒரு மைக் வாங்கி வரச் சொன்னால், அவர் மைக் வாங்க மாட்டார்; மைக்குகளைப் பற்றிப் படிப்பார். நான் மூன்று மாதம் படித்தேன்.

என் மனைவி நாமக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் பல வருடங்களாகப் பெண்களுக்கு ரவிக்கை வெட்டவும் தைக்கவும் சொல்லிக்கொடுக்கிறாள். போன வருடம் பரமத்தி வேலூரிலிருந்து ஏழு பேர் வந்தார்கள். காலையில் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை, பிறகு பஸ். இரண்டு வாரத்துக்கு மேல் அவர்களால் தாங்க முடியவில்லை. வீடியோவாக எடுத்துப் போனில் அனுப்பினால் கற்றுக்கொள்கிறோம் என்றார்கள். தை பிறந்தால் கல்யாண ரவிக்கைகள் வந்து குவியும். அதற்குள் கை பழகிவிட்டால் வீட்டிலிருந்தே தைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

மறுநாளே அவள் துணி காயப்போடும் கம்பியில் போனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான்தான் தடுத்தேன். செய்வதைச் சரியாகச் செய்யவேண்டும் என்றேன். அப்போது ஆடி மாதம்.

நோட்டில் கட்டம் போட்டு கேமராக்களை ஒப்பிட்டேன். மேசைக்கு நேர் மேலிருந்து படமெடுக்க வளையும் கை கொண்ட ஸ்டாண்டு, நிழல் விழாத விளக்கு, சட்டையில் குத்தும் மைக் என்று ஒவ்வொன்றாக வந்தன. எடிட்டிங் மென்பொருள் மூன்றை இறக்கிப் பார்த்து, அவற்றில் மிகக் கடினமானதைத் தேர்ந்தெடுத்தேன். கடினமாக இருந்தால் தரமாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பாடங்களை வைக்க ஒரு தளத்தையும் பிடித்தேன். அதற்குள் நுழைய மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் வேண்டும். ஏழு பேரில் மின்னஞ்சல் வைத்திருந்தது யாருமில்லை. அதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் தெருவில் முட்டை லாரிகள் பின்னோக்கி வரும்போது ஒரு பாட்டுப் பாடும். அந்தச் சத்தத்தை அடக்க, பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் பழைய முட்டை அட்டைகள் வாங்கி முன்னறைச் சுவர் முழுக்க ஒட்டினேன். முட்டை அட்டை வெளிச் சத்தத்தைத் தடுக்காது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். லாரிப் பாட்டு அப்படியே கேட்டது. கூடவே பண்ணை வாசமும் வந்தது. கோழிக்கூண்டுக்குள் உட்கார்ந்து ரவிக்கை வெட்டுகிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொல்லிச் சிரித்துத் தும்மினாள். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பிய்த்தெடுத்தேன். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

ஐப்பசியில் ஒருவழியாகப் பதினோரு பாடங்கள் பதிவாயின. ஹெட்போனில் கேட்டேன். எதிரே ஆள் இருப்பதுபோலவே பேசியிருந்தாள்: "துணியெ இப்படி ரெண்டா மடிச்சிக்குங்க சாமி. பொறுமையா மடிங்க, துணி எங்கீயும் ஓடிப்போவாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. இதை எழுதுவதே அந்த வெட்கத்தைச் சொல்லத்தான். இத்தனை வருடம் நான் சாப்பிட்ட சாப்பாட்டையும் கட்டிய வேட்டியையும் கவனித்துக்கொண்டவளின் பேச்சு, நான்கு பேர் கேட்கத் தகுந்ததில்லை என்று நினைத்தேன். மென்பொருளில் ஒலியை மட்டும் தனியே கழற்ற ஒரு வசதி இருந்தது. அவள் குரலைக் கழற்றினேன். 'துணியை இரண்டாக மடித்து மேசையின் மீது பரப்புதல் வேண்டும்' என்று என் குரலைப் பூட்டினேன். கணினியில் இடம் போதாமல் அவள் பேசிய மூலப் பதிவுகளை அழித்தேன். அவளிடம் கேட்கவில்லை. நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லி, தளத்தை மூட்டைகட்டிவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினேன்.

ஏழு பேரில் மூத்தவள் குரல் பதிவு அனுப்பினாள். அதை என் மனைவி என் முன்னாலேயே போட்டுக் கேட்டாள்.

"டீச்சரு, அந்த சாரு நல்லாத்தானுங்க பேசறாரு. ஆனாக்க கையி ஒருபக்கம் போவுது, பேச்சு ஒருபக்கம் போவுது. எந்த ஓரத்த மடிக்கோணும்னே தெரியலீங்க."

என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, நான் பேசினதையே அனுப்புங்கள் என்றாள். அழித்துவிட்டேன் என்றேன்.

கத்தரிக்கோலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"என்ற கையி, உங்க வாயி. இதுல நா எங்கீங்க இருக்கறேன்?"

மன்னிப்புக் கேட்டேன். நாற்பது வருடத்தில் அதற்கு எனக்குப் பழக்கமில்லாததால், அதையும் மேடைத் தமிழில்தான் கேட்டேன்.

கார்த்திகையில் ஒரே வாரத்தில் பதினோரு பாடங்களையும் மறுபடி எடுத்தாள். துணிக்கம்பியில் கட்டிய அதே போன். ஸ்டாண்டில் இப்போது எங்கள் துண்டுகள் காய்கின்றன. சட்டை மைக்கை மட்டும் வைத்துக்கொண்டாள். என் வேலை பொத்தானை அமுக்குவது, அப்புறம் வாய் திறக்காமல் இருப்பது. நான்காம் பாடத்தில் அக்குள் வளைவுக்கு நான் ஒரு சூத்திரம் சொல்லத் தொடங்குவதும், "செத்த சும்மா இருங்க" என்று அவள் அடக்குவதும் பதிவாகியிருக்கின்றன. வெட்டிவிடட்டுமா என்றேன். இருக்கட்டும் என்றாள். பெண்கள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

தையில் ஆறு பேர் தைத்தார்கள். ஏழாமவள் காத்திருந்து சலித்து, முட்டை பொறுக்கும் வேலைக்குப் பண்ணைக்குப் போய்விட்டாள். அந்தக் கல்யாண மாதம் அவளுக்குப் போனது என்னால்தான். அடுத்த குழு தொடங்கும்போது, நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று என் மனைவி போனைக் கையில் கொடுத்தாள். தாமதம் முழுக்க என் தவறு, மறுபடி சேர்ந்துகொள் அம்மா என்றேன். அந்தப் பக்கம் கோழிகளின் சத்தத்துக்கு நடுவே கேட்டாள்:

"பாடத்துல டீச்சரு பேசறாங்களா, நீங்க பேசறீங்களா?"

டீச்சர்தான் என்றேன்.

"அப்பிடின்னா வாரேனுங்க."