இதழை ஒட்டிய பசை

"டிகிரி முடிச்சுட்டு சர்க்கரையில பூ பண்றேன்னு சொல்றியே, உன்னை நம்பி யாரு ஆர்டர் குடுப்பாங்க?" என்றார் என் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான்; அவர் கேட்டது சுருக்கென்றது. ஆனாலும் வேங்கிக்காலில் ஒரு கேக் கிளப் நடத்திய பயிற்சியில் கம் பேஸ்ட் என்கிற சர்க்கரை மாவில் ரோஜா செய்யக் கற்றேன்.

சென்ற மாதம் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தநாள். முட்டையைக் கையாலும் தொடாதவர்கள். முட்டையில்லாத கேக் செய்து, மேலே சர்க்கரை ரோஜாக்கள் வைத்து நானே கொண்டுபோனேன். வெட்டுவதற்கு முன் வீட்டுக்கார அக்கா, "இதழெல்லாம் எப்படிம்மா ஒட்டி நிக்குது?" என்று கேட்டார்.

"அது சுலபம்க்கா. முட்டை வெள்ளைக்கருவைத் தொட்டு..." என்று பெருமையாக ஆரம்பித்தவள் பாதியில் நின்றுவிட்டேன். வகுப்பில் பழகியபடி பசையாகத் தடவியதை, முட்டை என்றே நான் நினைத்திருக்கவில்லை.

அக்கா திட்டவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் கேக்கலன்னா நாங்க சாப்ட்டிருப்போம் இல்ல?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. கேக்கைத் திருப்பி எடுத்துவந்தேன்.

இப்போது முட்டை சேராத சி.எம்.சி. என்ற பசைப் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத்தான் இதழ்களை ஒட்டுகிறேன். இதற்கு முன் என்னிடம் முட்டையில்லாத கேக் வாங்கிய இரண்டு வீடுகளுக்கும் போன வாரம் நேரில் போய், அவர்கள் சாப்பிட்ட பூவில் முட்டை இருந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன்.