லோடு இருக்கிற நாளில் ஓடாத கம்ப்யூட்டர்

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிற ஷிஃப்டுக்கு நான் பதினொன்றரைக்கே மேஜைக்கு அடியில் குனிந்துவிடுவேன். பட்டனை அழுத்துவேன். உள்ளே ஃபேன் சுற்றும், நீல விளக்கு எரியும். அப்பாடா என்று நாற்காலியை இழுப்பதற்குள் எல்லாம் அடங்கிவிடும். மறுபடி அழுத்தினால் செத்த பிணம் மாதிரி கிடக்கும். சில நாள் ஏழெட்டுத் தடவை குத்திய பிறகு மனசு வந்து எழுந்திருக்கும். சில நாள் முதல் தடவையிலேயே நல்ல பிள்ளையாக வந்து நிற்கும். இன்றைக்கு எந்த மாதிரி என்பது அதற்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

பழைய பெட்டியாக இருந்தால் வயசாகிவிட்டது என்று விட்டிருப்பேன். இது புத்தம் புதுசு. அதுவும் நானே சேர்த்துக் கட்டியது. திருப்பதியில் கடை கடையாக ஏறி ஒவ்வொரு பாகமாக வாங்கி, வீடியோ பார்த்துப் பார்த்து, எங்கள் வீட்டுக் கட்டிலின் மேல் போர்வையை விரித்து வைத்துப் பூட்டினேன். என் வீட்டுக்காரர் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மினி வேன் ஓட்டுகிறவர். ஊரைச் சுற்றியிருக்கிற மாங்காயை, தக்காளியை, சீசனுக்கு எது கிடைக்கிறதோ அதை ஏற்றிக்கொண்டு புத்தூருக்கும் சித்தூருக்கும் போய் வருவார். "எங்க வண்டி இஞ்சினே இத விட ஈஸியா கீதே" என்று அன்றைக்குச் சொன்னார். முதல் தடவை திரையில் வெளிச்சம் வந்தபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டார்ச் கீழே விழுந்தது.

அந்தப் பெட்டியை வெறும் பெட்டி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கல்யாணம் ஆனதிலிருந்து நான் திருப்பதியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில். அவர் கார்வேட்டிநகரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கிற ஆபீஸில் எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிய இரவு ஒன்பதாகும். அந்நேரத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் எந்த பஸ்ஸும் இல்லை. சனிக்கிழமை நான் போய்ச் சேர்ந்தால் அவருக்கு லோடு இருக்கும். மிச்சம் ஒரு ஞாயிறு. அதிலும் துணி துவைக்கிற நேரம், கறி வாங்க அவர் போகிற நேரம் எல்லாம் போக, நாங்கள் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதற்குள் விளக்கு வைக்கிற வேளை வந்துவிடும். ஒன்றரை மணி நேரத் தூரம்தானே என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்கிறவர்கள் வீட்டில் இரண்டு தட்டும் ஒன்றாகக் கழுவப்படுகின்றன.

அவர் வாய் திறந்து எதையும் சொல்லுகிற ஆள் இல்லை. வேலையை விடு என்றும் சொன்னதில்லை, நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னதில்லை. தினம் ராத்திரி போன் செய்து, "துன்னியா?" என்பார். நான் ஊர்க் கதையெல்லாம் கொட்டுவேன், எரிந்து விழுவேன், சிரிப்பேன். கடைசியில் அவர், "சரி, நா துன்னுட்டன்" என்று வைத்துவிடுவார். கல்லுக்கு மாலை போட்டிருக்கிறோமே என்று எனக்கு ஆத்திரமாக வரும். போனை வைத்த பிறகு ஹாஸ்டல் கட்டிலில் அவர் பக்கத்துக்கு இடம் விட்டு ஒருக்களித்துப் படுப்பேன். அது பழக்கமாகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஆபீஸில் ஒரு அறிவிப்பு வந்தது. சொந்தக் கம்ப்யூட்டரும் நல்ல நெட்டும் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். முதல் மாதம் பரீட்சை. மணிக்குச் சரியாக லாகின் ஆகவேண்டும். தாமதம் கூடிக்கொண்டே போனால் திரும்ப ஆபீஸ் சீட்டுக்கு வந்துவிட வேண்டும். நான் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன்.

கட்டி முடித்த அன்றே பூஜை போட்டோம். எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத பொருள் கிடையாது. பிரிட்ஜுக்குப் பொட்டு, கேஸ் அடுப்புக்குப் பொட்டு, மோட்டார் ரூம் கதவுக்குப் பொட்டு. வேனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். விடியற்காலையில் குளித்துவிட்டு வந்து, சந்தனம் குழைத்து, ஸ்டீயரிங்கிலும் சாவி போடுகிற இடத்திலும் வைத்து, மேலே குங்குமம் தொட்டு வைக்காமல் அவர் லோடுக்குக் கிளம்பியதே இல்லை. கம்ப்யூட்டருக்கும் அன்று சந்தனமும் குங்குமமும் வைத்து, எலுமிச்சம் பழம் சுற்றி, கற்பூரம் காட்டினோம். மறு வாரம் ஹாஸ்டல் பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்த இரண்டாம் நாளே அது தன் புத்தியைக் காட்டியது. நான் சும்மா விடவில்லை. ரேமைக் கழற்றி, அதன் பல்லை ரப்பர் வைத்துத் தேய்த்து மறுபடி மாட்டினேன். ஒயரையெல்லாம் பிடுங்கிச் செருகினேன். பிளக்கை வேறு பாயிண்டுக்கு மாற்றினேன். ஊரில் மூணு பேஸ் கரண்ட் விடுகிற நேரத்தில் போர் மோட்டாரெல்லாம் ஒன்றாக ஓடும். அதனால் வோல்டேஜ் இழுக்கிறதோ என்று ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன். கடைசியில் பவர் சப்ளையையே மாற்றினேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அவர் லோடுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிற நாளில் அது பெரும்பாலும் ஒழுங்காக வந்தது. லோடு போன நாளில்தான் முரண்டு பிடித்தது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னேன். "மாமா, நீ இருந்தாதான் இதுக்கு உசுரே வருது. நீ வண்டிய எடுத்துகினு போனா இதும் பொணங்கிக்குது."

அவர் குழம்பைப் பிசைந்துகொண்டே, "உன்ன மாதிரியே கீது" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அன்று முழுக்க எனக்கு அது இனித்தது.

திருப்பதிக்கே கொண்டுபோய் வாங்கின கடையில் காட்டலாம் என்று முடிவு செய்தேன். கிளம்புவதற்கு முன்னால் ஈரத் துணியால் பெட்டியை அழுந்தத் துடைத்தேன். பொட்டும் கிட்டுமாகப் போனால் கடையில் என்ன நினைப்பார்களோ என்று வெட்கம். வேனில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைப் போட்டார், நிறுத்தினார், போட்டார். ஒவ்வொரு தடவையும் சமர்த்தாக வந்தது. "ஏம் லேதம்மா, பாகுந்தி" என்று தெலுங்கில் சொல்லிக் கையை விரித்தார். ஒரு குறையும் இல்லை, நன்றாக இருக்கிறதாம். பொய் சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டவள் மாதிரி நான் நின்றேன்.

வீட்டுக்கு வந்து அடுத்த இரண்டு நாள் நன்றாக ஓடியது. அவருக்கும் லோடு இல்லை. பிறகு மாங்காய் வேலை மும்முரமானது. அவர் தினமும் விடியும்போதே கிளம்பினார். பெட்டி பழையபடி சண்டித்தனம் செய்தது. ஒரு வியாழக்கிழமை நான் லாகின் ஆனபோது பன்னிரண்டு தாண்டி வெகு நேரமாகிவிட்டது. டீம் லீடர் போன் செய்தாள். "ரோஜூ இதே கதேனா?" தினமும் இதே கதையா என்கிறாள். நல்ல பெண்தான், குரலில் கோபம்கூட இல்லை. திங்கட்கிழமையிலிருந்து சீட்டுக்கு வந்துவிடு, நான் மேலே சொல்லிவிட்டேன் என்றாள்.

அன்று மாலை அவர் முகமெல்லாம் புழுதியோடு வந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

தூக்கம் வராமல் விடியற்காலையில் கண் விழித்துப் படுத்திருந்தேன். வழக்கமாக அவர் கிளம்புவது எனக்குத் தெரியாது. வாசலில் வேனுக்குப் பொட்டு வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். தலையிலிருந்து ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. லைட்டைப் போடாமல் மேஜைக்கு அடியில் மண்டியிட்டார். சந்தனத்தை எடுத்துப் பட்டன் மேலேயே அழுத்தி வைத்தார். அதன் மேல் குங்குமம். அப்புறம் பெட்டியிடம் மெதுவாகப் பேசினார்.

"இன்னிக்கி ஒரே தபாவுல வந்துடுப்பா. அவள மறுபடி அங்க அனுப்பிடாத. அவ இல்லன்னா சோறு எறங்கல."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வேன் போகிற சத்தம் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் மூடியே கிடந்தேன். இத்தனை வருஷமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தையை ஒரு இரும்புப் பெட்டியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். அழுகையாக வந்தது. இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று கோபமாகவும் வந்தது.

பிறகுதான் அந்தப் பட்டன் ஞாபகம் வந்தது. எழுந்து ஓடி லைட்டைப் போட்டுக் குனிந்தேன். பூஜை அன்று பட்டனில் வைத்த பொட்டின் மிச்சம்தான், துடைத்தும் போகாமல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர் லோடுக்குப் போகிற நாளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்த பொட்டு. கடைச் சந்தனப் பொடி, காய்ந்தால் சுண்ணாம்பாக இறுகிவிடும். பட்டனைச் சுற்றியிருக்கிற இடுக்கு முழுக்க அது அடைத்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே போனது, மேலே வரவில்லை. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, அணைந்தது. பட்டனை விடாமல் பிடித்திருந்தால் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும். இது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. கிளம்பும்போது நான் ஈரத் துணியால் துடைத்ததால்தான் கடையில் ஓடியது என்பதும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஊக்கை எடுத்து, இடுக்கிலிருந்து சந்தனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளறி எடுத்தேன். மணம் கைமுழுக்க ஏறிக்கொண்டது. அன்று பெட்டி ஒரே தடவையில் வந்தது. மணிக்கு முன்னாலேயே லாகின் ஆகி, டீம் லீடரைக் கூப்பிட்டேன். ஃபால்ட் கண்டுபிடித்துவிட்டேன், இனிமேல் ஒரு நாளும் தாமதம் ஆகாது என்றேன். சீட்டுக்குத் திரும்புகிறவர்கள் பட்டியல் மேலே போய்விட்டது, வீட்டு வேலைக்கு அடுத்த பட்டியல் போடும்போது பார்க்கலாம் என்றாள். எங்கே இருந்தது ஃபால்ட் என்று கேட்டாள்.

"பட்டன்ல மேடம்."

"பட்டனா?" என்றாள். நான் அன்றைய முதல் பில்லைத் திறந்தேன்.

மாலையில் அவரிடம் சொன்னேன், திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகவேண்டும் என்று. அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "சரி. நா இட்டுகினு போயி வுடறன்" என்றார். மற்ற செருப்பையும் கழற்றிவிட்டு, "மிஷின்ல இன்னாதான் கோளாறாம்?" என்றார்.

உப்பு குறைந்தாலும் கூடினாலும் தெருவைக் கூட்டுகிற வாய் என்னுடையது. "ஒரு ஒயரு லூசா இருந்திச்சி மாமா. மாட்டிட்டன்" என்றேன். "இனிமே பொட்டு வெச்சா அந்தப் பட்டன்ல வேணாம். மேல வையி. நெத்தி மேலதான இருக்கும்?"

"ஆமால்ல" என்றார். என் கண்ணைப் பார்க்கவில்லை. புரிந்துகொண்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது பழையபடி ஹாஸ்டல். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. அவர் ராத்திரியோடு சேர்த்து விடியற்காலையிலும் போன் செய்கிறார். வண்டியை ஓட்டாமல் போட்டு வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டிருக்கிறார். அப்படியெல்லாம் இல்லை என்று நான் திருத்தவில்லை.

"ஆன் பண்ணன்மே. ஒரே தபாவுல வந்துடுச்சி. கேளு" என்று போனை மேஜைக்கு அடியில் கொண்டுபோவார். நான் கட்டிலில் உட்கார்ந்து காதோடு அழுத்திக்கொள்வேன். ஃபேன் சத்தம் வரும். அதற்குப் பின்னால் அவர் மூச்சு விடுவதும் கேட்கும். வாசலில் வேன் லோடுக்கு நிற்கும்.

"நிறுத்திடட்டா?" என்பார்.

"இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் மாமா" என்பேன்.