அப்பாவின் தன்னடக்கமும் என் ஒப்பந்தமும்

பிறந்ததிலிருந்தே என் வலக்கை சரியாக இயங்காது. அதனால் பாடசாலை என்னை வாரத்தில் இரண்டு நாள் நோர்வேயில் ஹவுகெட்டோ என்ற இடத்தில் இருந்த ஒரு கடைக்கு வேலை பழக அனுப்பியது. வந்த பொதிகளை அடுக்கி, கேட்டு வருபவர்களுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு கை போதும். நான் தேறிவிட்டேனா என்று பார்க்கத்தான் நிறையப் பேர் தேவைப்பட்டார்கள். என் ஆசிரியை, கடைப் பொறுப்பாளர், ஓர் ஆலோசகர் மூவரும் மாதம் தவறாமல் கூடி, கோப்பி குடித்து, என்னைப் பற்றிக் கவலையோடு கதைத்தார்கள். நானும் கூட இருக்க வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் பொதிகள் அப்படியே கிடந்தன.

கடைசிக் கூட்டத்தில், எனக்குச் சம்பளத்தோடு பயிலுநர் ஒப்பந்தம் தருவதா இல்லையா என்று முடிவு செய்வார்கள். அதற்காகவே பல்லைக் கடித்துக்கொண்டு உழைத்திருந்தேன். அப்பாவையும் அழைத்திருந்தார்கள். கலியாணவீட்டுக்குப் போடும் கோட்டோடு வந்தார்.

"உங்கள் மகள் எங்கள் எல்லோரையும் விட வேகம்," என்றார் பொறுப்பாளர்.

எங்கள் ஆட்களில் எந்தத் தகப்பன் இதை ஒப்புக்கொள்வார்? கண்ணூறு பட்டுவிடாதா? அப்பா பணிவாகச் சிரித்து, நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "சும்மா சொல்கிறீர்கள். வீட்டில் ஒரு கோப்பைகூடக் கழுவமாட்டாள். சரியான சோம்பேறி."

எங்கள் வீடுகளில் இதற்கு அர்த்தம், மிகவும் சந்தோஷம் என்பது. ஆலோசகர் அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். முடிவு: ஊக்கம் போதாது, இன்னும் மூன்று மாதம் பயிற்சி.

ரயிலில் அப்பாவை விட்டுத் தள்ளிப் போய் இருந்தேன். வீட்டுக் கதவைத் திறந்ததும் வெடித்தேன்.

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது, பிள்ளை. அதைப் போய் எழுதுவினமே?"

"எழுதுவினம். அவையளுக்கு அதுதானே வேலை!"

அப்பா அன்று சாப்பிடவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் ஆறவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே மேசை, அதே கோட். பொறுப்பாளர் வாயைத் திறக்குமுன் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். தலை நிமிராமல் வாசித்தார்.

"என் மகள் கெட்டிக்காரி. நேரம் தவறமாட்டாள். இரண்டு கை உள்ள என்னைவிட நன்றாக வேலை செய்வாள்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஒப்பந்தத்தை என் பக்கம் தள்ளினார்கள்; இடக்கையால் கையெழுத்து வைத்தேன். பதினெட்டு வருடத்தில் அப்பா என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டார்.