கோல்ஃப் ஷூவும் பூட்டிப்போன கம்ப்யூட்டரும்

பிள்ளைகளா, எங்கள் ஆம்பூர் கம்பெனியில் கோல்ஃப் ஷூ தைக்கிறோம். அந்த விளையாட்டை நான் பார்த்தது முதலாளியின் ரூமில்தான். ஷூ வாங்குகிற வெளிநாட்டுப் பையர் வந்தால் அவரோடு ஆட வேண்டுமே என்று, பச்சைக் கார்ப்பெட் விரித்து, டம்ளரைப் படுக்க வைத்து, அதற்குள் பந்தை உருட்டிப் பழகுவார். காலில் எங்கள் சாம்பிள் ஷூ இருக்கும். சாம்பிள் செக்ஷன்காரனான நான் தரையில் குந்தி, குதிகால் நழுவுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து எனக்கே பாடமாகிவிட்டது: கண் பந்துக்கு நேர்மேலே இருக்கணும். மணிக்கட்டு ஆடக் கூடாது, தோள்தான் ஊஞ்சல் மாதிரி போய் வரணும். பந்து கிளம்பும்வரை தலையைத் தூக்கக் கூடாது.

அப்படி ஒரு நாள் நான் குந்தியிருந்தபோது, கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் உள்ளே வந்தாள். ஆலங்காயத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு சாப்பிடுகிறது. மேனேஜரும் பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், ஃபைல காப்பி எடுக்கிற டிஸ்க்க சாயங்காலம் கழட்டி பீரோல வெச்சிடட்டுமா? வைரஸ் வந்தா அதுவும் சேர்ந்து போய்டும்."

"தெனம் கழட்டி மாட்டிக்கினு இருந்தா பேஜாரு. கம்ப்யூட்டர்லயே இருக்கட்டும்மா." முதலாளி தட்டிய பந்து டம்ளரைத் தாண்டி ஓடியது. "பாரு, உன்னாலதான் போச்சு."

அடுத்த மாதமே வந்தது வினை. பையர் மெயில் வந்தால் வாயில் சோறு இருந்தாலும் எழுந்து வந்து திறக்கணும் என்பது எங்கள் கம்பெனி சட்டம். பையர் பேரில் வந்த போலி மெயிலை அவள் அப்படித்தான் திறந்தாள். ரேன்சம்வேர் என்கிறார்கள். ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்கிற திருட்டு. இப்போது சின்னக் கம்பெனிகளையும் விடுவதில்லையாம். ஷூ டிசைன், சைஸ் அளவு எல்லாம் பூட்டிக்கொண்டன. மாட்டியே கிடந்த டிஸ்க்கும் தப்பவில்லை. அளவு கிடைக்காமல் கட்டிங் மெஷின் நின்றது.

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நடுவில் அவளை நிறுத்தினார். "உன் ஒரு வெரலு என் கம்பெனியவே மூடிடிச்சு. லெட்டர் எழுதிக் குடுத்துட்டு கெளம்பு."

அவள் அழவில்லை. மேனேஜரைத்தான் பார்த்தாள். அன்றைக்குப் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டவர், கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சார், டிஸ்க்க மாட்டியே வெக்கச் சொன்னது நீங்கதான்," என்றேன். "அந்தப் பொண்ணு கழட்டட்டுமான்னு கேட்டுச்சி. நான் உங்க கால்ட்டதான் குந்தியிருந்தேன்."

"நீ ஷூவ பாக்க வந்தியா, ஒட்டுக் கேக்க வந்தியா?"

"கண்ணுதான் சார் ஷூல இருந்திச்சி. காத கழட்டி வெளிய வெச்சிட்டா வருவாங்க?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். முதலாளி ரூமுக்குள் போய்விட்டார். லெட்டரை அப்புறம் யாரும் கேட்கவில்லை. அவள் இன்றும் வேலைக்கு வருகிறாள். என்னை அட்டைப்பெட்டி ஒட்டுகிற செக்ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

பணம் கேட்ட திருடன் எந்த ஊரோ, அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. மேனேஜர் முகம் தெரியும். தினம் காலையில் "இன்னாப்பா, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டிப் போகிறார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.