கதையில் இல்லாத 'மாட்டேன்'

பார்வையற்றோர் நூலகத்தில் அவருக்குக் குரலம்மா என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாகப் புத்தகங்களைப் படித்துப் பதிவு செய்து கொடுக்கிறார். சும்மா சொல்லக்கூடாது, கணீரென்ற குரல். வீட்டிலும் அந்தக் குரல்தான் ஓங்கி நிற்கும். அடுத்தவர் வாயைத் திறப்பதற்குள் முடிவைச் சொல்லிவிடுவார். கணவர் இருந்தவரை தலையாட்டியே காலத்தை ஓட்டினார். ஒரே மகளும் அப்படியே வளர்ந்தாள். "என் பொண்ணு எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டா" என்று அம்மா பார்ப்பவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். வேறென்ன, பெருமைதான்.

பதிவு அறை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். சுவரெல்லாம் பழைய மெத்தை, ஒரு மேசை, ஒரு மைக். இரைச்சல் கேட்கும் என்று மின்விசிறி போட முடியாது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் வயிறு இரைவதும் பதிவாகிவிடும். அங்கே சட்டம் ஒன்றுதான்: அச்சில் இருப்பதைவிட ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதில் குரலம்மா மகா கறார்.

அன்று ஒரு சிறுகதை. சின்னக் கதைதானே என்று முன்கூட்டிப் படிக்காமல் வந்துவிட்டார். பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை ஒரு வீட்டில் வேலைக்கு விடுகிறார்கள். செருப்பைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், சரி என்கிறாள். கூந்தலை வெட்டுகிறார்கள், அதற்கும் சரி என்கிறாள்.

குரலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புத்தகத்தை மேசையில் போட்டார். "என்ன ஜென்மம் இவ? வாயைத் தைச்சா வெச்சிருக்காங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் சிரித்தார். "கதைதானேக்கா. படிங்க."

கடைசியில் அவளை ஓர் இருட்டறைக்குள் போகச் சொல்கிறார்கள். 'சரி. விரல் நசுங்கிடப்போகுது, பார்த்துக் கதவைச் சாத்துங்க' என்று சாத்துகிறவனுக்கே சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். அச்சில் இருந்தது அதுதான். குரலம்மா படித்தது வேறு. "மாட்டேன். நான் எங்க வீட்டுக்குப் போறேன்."

"அக்கா, புத்தகத்துல அப்படி இல்லியே."

"தெரியும்."

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் 'மாட்டேன்'. மூன்றாம் முறையும் அதுவே வந்தபோது ஒலிப்பதிவாளர் எழுந்து உள்ளே வந்தார். "உடம்புக்கு முடியலியாக்கா?"

குரலம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "மூணு வருஷம் முன்னாடி என் பொண்ணு புருஷன் வீட்டுலேர்ந்து கன்னமெல்லாம் வீங்கிப்போய் வந்து நின்னா. பொம்பளைன்னா பொறுத்துதான் போகணும்னு சொல்லி, அன்னைக்கே திருப்பி பஸ் ஏத்திவிட்டேன். சரிம்மான்னா. ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, 'வெயில்ல நிக்காதம்மா, போ'ன்னா."

ஒலிப்பதிவாளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வேறு என்ன செய்வார், பாவம். நான்காம் முறை குரலம்மா அச்சில் இருந்ததை அப்படியே படித்து முடித்தார். கதைப்பெண்ணின் மேலிருந்த கோபம் போயிருந்தது.

வராந்தாவுக்கு வந்து மகளைப் போனில் அழைத்தார். "கிளம்பி வந்துடும்மா. யாரையும் கேக்க வேணாம். எதையும் எடுத்துக்க வேணாம். நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."

"எங்கம்மா வரச் சொல்றே?"

"நம்ம வீட்டுக்குடி."

"இப்போ எதுக்கும்மா? எனக்கு இங்க பழகிடுச்சு."

அதில் கோபமில்லை, குத்தலும் இல்லை. மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அம்மாவை அவள் ஒரு சொல் குறைசொன்னதில்லை. அதைத்தான் குரலம்மாவால் தாங்க முடியவில்லை.

"என்னைத் திட்டவாவது செய்யேன்டி" என்று கெஞ்சினார்.

"உன்னை எதுக்கும்மா திட்டணும்?" என்றாள் மகள், உண்மையாகவே புரியாமல்.